கண்ணாடி டயோடுகள்

மூத்தவளின் சர்க்யூட் போர்டில் மறுபடியும் ஆம்ப்ளிஃபயர் சிப் போயிருந்தது. ஒளி அளக்கும் கருவியின் சென்சார் மேல் லேசர் அடிக்கிற நொடியில் அளவுக்கு மீறிப் பாயும் மின்சாரம், சிப்பின் உள்ளீட்டைக் கருக்கிவிடுகிறது. பெரிய ரெசிஸ்டர் ஒன்றை வழியில் வைத்துப் பார்த்தாள். சிப் பிழைத்தது, ஆனால் கருவி மந்தமாகிவிட்டது.

அதனால்தான் தலைமை என்ஜினியர் சின்னவளையும் ஒரு போர்டு செய்யச் சொன்னார். சின்னவள் வேறு யாருமில்லை, மூத்தவளின் கொழுந்தன் மனைவி. இந்த ஆய்வகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே மூத்தவள்தான். இன்றைய சோதனையில் யாருடைய போர்டு தேறுகிறதோ, இனி கருவி அவர் பொறுப்பு.

சின்னவள் உள்ளீட்டில் இரண்டு குட்டி டயோடுகளை எதிரும் புதிருமாக வைத்திருந்தாள். சாதாரண நேரத்தில் இருக்கிற இடம் தெரியாது. மின்சாரம் எல்லை மீறினால் வழிமறித்துத் தரைக்கு இறக்கிவிடும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைக்கும்போதே மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் இதே கதைதான். எத்தனையோ வருஷம் அவள் மடித்து வைத்த துணி யார் கண்ணிலும் படவில்லை. சின்னவள் வந்து அலமாரியை ஒருநாள் மாற்றி அடுக்கினாள், மாமியார் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சின்னவளின் போர்டைப் பொருத்தி, சென்சாருக்குக் கறுப்பு மூடி போட்டாயிற்று. மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை.

"என்னம்மா, கும்மிருட்டுலயும் உன் போர்டுக்குக் கண்ணு தெரியுதா?" என்றார் என்ஜினியர்.

"நேத்து நல்லாத்தான் சார் இருந்துச்சு." சின்னவளின் காது சிவந்தது.

மூத்தவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. டயோடுகள் கண்ணாடி உடம்புக்காரர்கள். ஜன்னல் வெயில் பட்டதும் அவையும் சென்சார் மாதிரி துளி மின்சாரம் உண்டாக்குகின்றன. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் இந்த போர்டில் ஒரு குறையும் இல்லை. கேட்டால் சொல்லலாம். கேட்கட்டுமே.

"சரியாகலன்னா பெரியவங்க போர்டையே எடுத்துக்கலாம்" என்றார் என்ஜினியர்.

மூத்தவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சின்னவளின் முகம் வாடுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஜன்னல் பக்கமாக வந்து மேசைமேல் குனிந்தாள்.

மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

சின்னவள் மீட்டரைப் பார்த்தாள். போர்டின்மேல் விழுந்திருந்த நிழலைப் பார்த்தாள். பிறகு மூத்தவளை.

"அக்கா, அப்படியே நில்லுங்க."

நகர்ந்தால், தெரிந்தே சொல்லாமல் இருந்தது வெளிப்படும். நின்றாள். லேசர் அடித்தது, திரும்பத் திரும்ப அடித்தது. சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"டயோடுல வெயில் படுது சார். அக்கா பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டாங்க. அதான் வந்து மறைச்சு நிக்கிறாங்க."

"அப்படியாம்மா? வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?" என்று என்ஜினியர் சிரித்தார்.

சின்னவளின் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று மூத்தவள் தேடினாள். இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதி. விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள்.