நான் தொடாத சட்டை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை காலை, என் அக்கா ஹிபா லாத்தாவின் மாப்பிள்ளைக்கு எடுத்த புதுச் சட்டையிலிருந்து ஏழு காணாமல் போயிருந்தன. யாரோ நூலை வெட்டி எடுத்திருந்தார்கள். நான்தான் வெட்டினேன் என்று சொன்னார்கள். இந்த வீட்டில் அதைச் செய்திருக்கவே முடியாத ஒரே ஆள் நான். அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறியபின் எழுதினால் இன்னும் நன்றாக வரும் என்று தெரியும். ஆனால் நேரமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலிப் பக்கம் என்னைப் போன்றவர்களுக்குப் பயிற்சி தரும் ஏதோ ஒரு விடுதியில் என்னைக் கொண்டுபோய் விடப்போகிறார்களாம்.

ஏழு என்ன என்று கேட்பீர்கள். சட்டையின் முன்பக்கத்தை மூட மேலிருந்து கீழாக வரிசையாகத் தைத்திருப்பார்களே, வட்டமாக, நடுவில் நான்கு துளையோடு. அது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்தப் பக்கத்தை என்னால் தொட முடியாது. தொட முடியாத பக்கத்தில் எப்படிக் கதை எழுதுவது? ஆகவே இந்த நோட்டில் அது 'அது' மட்டும்தான். மற்றவர்கள் அதன் பெயரைச் சொல்லும் இடங்களில், அவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லைப் பிடுங்கிவிட்டு [அது] என்று போடுவேன். வெளியே அவர்கள் இஷ்டத்துக்குப் பேசிக்கொள்ளட்டும். இங்கே எழுதுகிறவள் நான்.

2

முதல் தொடக்கம்: 'காயல்பட்டினத்தில் ஆமிரா என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரு விசித்திரமான நோய்—'

அடித்துவிட்டேன். ஆமிரா நான்தான், அது சரி. நோய் என்பது தப்பு. எனக்குப் பதினாலு வயதில் பாளையங்கோட்டை டாக்டரம்மா பெரிய பெரிய கேள்வித்தாள்களை வைத்துப் பார்த்துவிட்டு, ஆட்டிசம் என்றார். இது நோய் இல்லை, இவள் இப்படித்தான் பிறந்திருக்கிறாள், இப்படித்தான் இருப்பாள் என்றும் சொன்னார். உம்மாவின் தம்பி அஃப்ஸல் மாமா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, “சரி டாக்டர், எப்பச் சொகமாகும்?” என்றார்.

இரண்டாவது தொடக்கம்: 'முத்து விளையும் கடலோரத்தில், முத்தைப்போல—'

வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் ஒட்டும் சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது.

மூன்றாவது தொடக்கம்: 'ஒன்பதாம் வகுப்பில் சுடிதாருக்கு மேலே ஒரு கோட்டு போட வேண்டும் என்றார்கள்.' இதை வைத்துக்கொள்ளலாம். கோட்டின் முன்னால் ஐந்து இருந்தன. வகுப்பில் நாற்பது பெண்கள், ஆளுக்கு ஐந்து. கரும்பலகையைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர்களின் முதுகு மட்டும் தெரிகிற கடைசிப் பெஞ்சில் உட்கார வேண்டும். உட்கார்ந்தேன். என் கோட்டை மட்டும் கொக்கி வைத்துத் தைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். ரூல் என்றால் ரூல் என்றார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள் என்று இப்போது ஊரில் சொல்கிறார்கள். நான் ஒரு கோட்டைத்தான் போட மாட்டேன் என்றேன்.

3

(கதை நகரவில்லை என்று தெரிகிறது. ஒரு பட்டியல் போட்டுவிட்டு வருகிறேன்.)

எனக்கு ஆகாதவை: அது. ஆறின பாலில் படியும் ஏடு. ஆப்பிள்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே யாராவது பாடுவது.

எனக்குப் பயமில்லாதவை: கடல், பாம்பு, பல்லி, இருட்டு, மய்யித்து (இறந்தவர் உடல்), மீன் குடல்.

ஹிபா லாத்தா பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பாள். அவளுக்கு யாரும் விடுதி பார்க்கவில்லை. அஃப்ஸல் மாமா பூனை வந்தால் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். அதற்குப் பெயர் பயம் இல்லையாம், 'பிடிக்காது'.*

* அதுவும் வட்டம், முத்தும் வட்டம், முத்துக்கு ஏன் பயப்படவில்லை என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பவர்களுக்கு: நீங்கள் பல்லிக்குப் பயப்படுகிறீர்கள், முதலைப் பொம்மைக்கு ஏன் பயப்படவில்லை?

4

பாத்திரம்: லாத்தாவின் மாப்பிள்ளை, இஹ்ஸான் மச்சான். இவரை எழுதுவதில்தான் எனக்குச் சந்தேகம்.

எங்கள் ஊரில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்பிள்ளைகளுக்கு. இந்த வீடு ஹிபா லாத்தாவுக்கும் எனக்கும். மச்சான் வரும்வரை வீட்டில் அது ஒன்றுகூட இல்லை. உம்மா எல்லாத் துணியிலும் கொக்கியும் நாடாவும் வைத்துத் தைத்திருந்தார். வாப்பா தோஹாவிலிருந்து வீடியோ காலில் வரும்போது பனியனோடு வருவார். ஆபீஸில் இருந்தால் கேமராவை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். வாப்பாவின் நெற்றியைப் பார்த்தே நான் நிறையப் பேசியிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் மச்சான் வந்தார். தூத்துக்குடி ஹார்பரில் கண்டெய்னர் கம்பெனி வேலை. தினம் ஒரு சட்டை. முற்றத்துக் கொடியில் ஆறு சட்டைகள் காயும். நான் அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன்.

“என்ன ஆமிரா, என்னைக் கண்டாலே செவுத்தப் பாக்கே. அவ்வளவு மோசமாவா இருக்கேன்?”

“உங்கள இல்ல மச்சான். உங்க சட்டைய.”

“சட்டை எல்லாம் உன் லாத்தா எடுத்தது. கோவத்த அங்கன காட்டு.”

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மறுநாளும் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்தார். நல்லவரா என்று இன்னும் தெரியவில்லை. எழுதி முடிக்கும்போது தெரியலாம்.

5

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து மச்சானைப் பெற்றவர்கள் வீட்டில் விருந்து. கூட்டிப்போக அஃப்ஸல் மாமா காரோடு வந்திருந்தார். லாத்தா இஸ்திரி போடப் புதுச் சட்டையை விரித்தாள். விருந்துக்கென்றே, சிப்பியில் செய்த 'அது' வைத்துத் தைத்த சட்டை. (கடலில் இருக்கும்வரை சிப்பிமேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.)

“யா அல்லாஹ்! ஏளா ஆமிரா, இங்கன வா! உன் வேலைதானே இது?”

ஏழும் தையல் மிஷின்மேல் ஒரு சாஸரில் இருந்தன.

“நான் இல்ல.”

“பின்ன ஜின்னு வந்து வெட்டிச்சோ?”

“ஜின்னா இருக்கலாம். நானா இருக்க முடியாது. தொட்டாத்தானே வெட்ட முடியும்?”

“பாத்தியா எப்படிப் பேசுதான்னு” என்றார் மாமா. “பயம் பயம்னு சொல்லி ஊரையே ஏமாத்துதா. ஒரு [அது]க்கு இவ்வளவு ஆட்டமா?”

சாஸரை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நடக்கும்போது ஏழும் ஒன்றோடொன்று உரசின. அந்தச் சத்தம் என் பல்லுக்கடியில் கேட்டது.

“ஒண்ண எடு. எடுத்துட்டேன்னா பயம் பொய்யி, வெட்டினது நீதான். எடுக்கலன்னா உனக்குச் சொகமில்ல, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை விடுதி. ரெண்டுல ஒண்ணு. சொல்லு.”

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

(அ) ஆமிரா கண்ணை மூடுகிறாள். கை நடுங்குகிறது. ஒன்றை எடுக்கிறாள். பயத்தை வென்றுவிட்டாள். எல்லோரும் அழுகிறார்கள். இந்தக் கதையை அனுப்பினால் போட்டியில் பரிசு கிடைக்கும்.

(ஆ) ஆமிரா மயங்கி விழுகிறாள். எல்லோரும் மனம் திருந்துகிறார்கள். நான் இதுவரை மயங்கி விழுந்ததே இல்லை. யாரும் திருந்தியதும் இல்லை.

(இ) நடந்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். குரல் எனக்கு எப்போதும் சின்னது. அன்றைக்கு இருந்ததையெல்லாம் எடுத்துப் பேசினேன்.

“எடுக்கவும் மாட்டேன், போகவும் மாட்டேன். மச்சான் இந்த வீட்டுக்கு வந்தவங்க. நீங்க விருந்துக்குக் கூட்டிப்போக வந்தவங்க. நான் இங்கன பொறந்தவ.”

“பாரு, வீட்டுக்குப் பங்கு கேக்கா!”

“கேக்கல மாமா. இருக்கு.”

மச்சான் உள்ளே போய் டீ-ஷர்ட்டோடு வந்தார். “மாமா, நேரமாச்சு. நான் இப்படியே வாரேன்.”

“புதுமாப்பிள்ளை பனியனோட போனா ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். எனக்குக் காத்தாவது வரும்.”

சட்டையைப் பற்றி மச்சான் பேசினார். விடுதியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆகவே என் சந்தேகம் அப்படியே இருக்கிறது.

6

இனி, யார் வெட்டியது?

முதல் வரைவில் ஒரு ஆட்டைப் போட்டேன். ஆடு கத்தரிக்கோல் பிடிக்காது என்று அடித்தேன். இரண்டாவதில் ஹிபா லாத்தா, என்மேல் பழி போட—

இல்லை. லாத்தா கத்துவாள், அழுவாள், ஆனால் பழி போட மாட்டாள். அவள் உண்மையாகவே நான்தான் என்று நம்பினாள்.

சுற்றி வளைத்தது போதும். யார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் வியாழக்கிழமை, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பார்த்தேன். உம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தச் சட்டை. கையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. பக்கத்தில் காகிதத்தில் குத்திய புதுக் கொக்கிகள். நான் வாசலிலேயே திரும்பிவிட்டேன். எனக்குப் புரிந்தது. மச்சானின் சட்டைகளை ஒவ்வொன்றாக, யாருக்கும் தெரியாமல், கொக்கிக்கு மாற்றப் பார்த்தார். கொடியில் துணி காயும்போது நான் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக. அதற்குள் வீட்டுக்கு யாரோ விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கொக்கி வைக்க நேரமில்லாமல் போயிற்று.

சாஸர் என் முகத்துக்கு நேரே இருந்தபோது உம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வந்து மூன்றே மாதமான மாப்பிள்ளையின் புதுச் சட்டையில் மாமியாரே கத்தரி வைத்தார் என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் நான் சொல்லவில்லை. அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. உம்மா உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் மாமா வாப்பாவுக்குப் போன் போட்டு, கொஞ்ச நாள் பயிற்சி, அவ்வளவுதான் என்றிருக்கிறார். வாப்பா சொன்னது: “ஆமிரா உம்மா சரின்னா சரி.”

உம்மா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்று வியாழக்கிழமை.

7

இதுவரை யாரோ முகம் தெரியாத வாசகரிடம் பேசுவதுபோல எழுதினேன். அவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.

உம்மா, ஒன்பது நோட்டு எழுதி முடித்துவிட்டேன். எதையும் உங்களுக்குக் காட்டியதில்லை. இதைக் காட்டப் போகிறேன். மிஷின்மேல் திறந்து வைத்துவிட்டுப் போவேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதினேன், அது பொய், அடித்துவிட்டேன். கோபம் இருக்கிறது. எனக்காக வெட்டினீர்கள். அதே எனக்காக வாய் திறக்கவில்லை. முதலாவதை நினைத்தால் இரண்டாவது இன்னும் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் காரில் ஏற மாட்டேன். அந்த முடிவு என்னுடையது, எழுதியாயிற்று. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். முடிவாகாதது ஒன்றுதான் மிச்சம்: நான் இந்த வீட்டில் பொய்க்காரியாக இருப்பேனா, இல்லையா. அதை நான் எழுத முடியாது. நீங்கள் சொல்ல வேண்டியதை நானே உங்களுக்காக எழுதிவிட்டால், நீங்கள் சொன்னதாகிவிடாது. கதையில் ஒரு நல்ல உம்மா வருவார். வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது.

அன்றைக்கு மாமா மூன்று மணிக்கு வருவார். மச்சானும் லாத்தாவும் வீட்டில் இருப்பார்கள். சொல்வதென்றால் அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். எழுதுவதென்றால் இங்கே இடம் விட்டிருக்கிறேன். நான் முற்றத்தில் இருக்கிறேன்.

உம்மா: