கொல்லைப்புறத்து ஐந்தாவது மலை

இஸ்திரிக்கடைக்காரி ஐந்தாவது மலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, அந்த மலை அவள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நின்றது. குளியலறைச் சுவரும் துணி காயப்போடும் கொடியும் போயின; வேறு சேதம் இல்லை. காரணம் தெருவுக்கே தெரியும். ஊரைச் சுற்றியிருந்த ஐந்து மலைகளையும் ஒரே பகலில் ஏறி இறங்குவதுதான் மலையேற்றச் சங்கத்தின் வருடாந்திரப் பந்தயம். முடியாதவர்கள் அந்த மலையடியில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வீடு திரும்ப வேண்டும். பிறகு ஜென்மத்துக்கும் பந்தயத்தில் சேரக் கூடாது. சங்கத் தலைவரே இளவயதில் ஐந்தாவது மலையில் கழற்றி வைத்தவர்தான். இவள் மட்டும் மாட்டேன் என்றாள். "மூச்சு வாங்குச்சு, இறங்கிட்டேன். தோத்துட்டேன்னு யாரு சொன்னா?" என்று தலைவரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, ஷூவோடு கடைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.

மலை வந்தபின் தெருவில் மத்தியானத்துக்கு மேல்தான் வெயில் விழுந்தது. யார் வீட்டுத் துணியும் காயவில்லை. காயாத துணி கடைக்கு வரவில்லை. அவள் பிழைப்பு படுத்துவிட்டது. அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். பேருந்து ஓட்டும் கணவன் கையெடுத்துக் கும்பிட்டான். "அந்த ஷூவக் கழட்டி மலைகிட்ட வெச்சிடேன், அது பாட்டுக்குப் போயிடும். உன் வீம்புக்கு நாங்க எதுக்கு இருட்டுல கிடக்கணும்?"

"வெச்சுட்டா அப்புறம் நான் எந்தக் காலத்துல ஏறுறது? ஊர்ச் சட்டையெல்லாம் தேய்க்க ஒரே இடத்துல நின்ன காலுங்க இது. ஒரு நாளாவது எனக்காக நடக்கட்டும்."

சொல்லிவிட்டு அழுதாள் என்பதும் உண்மைதான். அழுதுகொண்டே ஷூவுக்குப் புது லேஸ் கோத்தாள்.

அடுத்த வருடம், ஐந்தாவது மலை இடத்தில் இல்லை என்று சங்கம் பந்தயத்தை நான்கோடு முடித்துக்கொண்டது. நான்காவது மலையடியில் தலைவர் பதக்கம் நீட்டினார். "ஓரமா வைங்க சார், இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று அவரைத் தாண்டி நடந்தாள். கடைத்தெரு வழியே நொண்டிக்கொண்டே வந்து, தன் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்துவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினாள். வெயில் தாழும் நேரத்தில் அவள் உச்சியில் நிற்பதைத் தெருவே பார்த்தது. கணவன் பேருந்தை நடுரோட்டில் நிறுத்தி, விடாமல் ஹாரன் அடித்தான். பயணிகள் யாரும் திட்டவில்லை. பொழுது விழுமுன்னே அவள் இறங்கியும் வந்தாள்.

இனி மலை கிளம்பிவிடும் என்று காத்திருந்தார்கள். அது அசையவில்லை. "இருந்துட்டுப் போகட்டும், உச்சியில நல்ல வெயிலு" என்று அவள் அங்கே கொடி கட்டினாள். தெருத் துணியெல்லாம் மேலே காய்ந்தது. சங்கமும் வேறு வழியில்லாமல் அடுத்த வருடம் பந்தயத்தை மறுபடி ஐந்தாக்கியது. கடைசி மலைக்கு அவள் அடுப்படிதான் பாதை.

அந்த வருடம் கடைசி ஆளாக, வெள்ளைத் தலையோடு, விதியை மீறி ஓடிவந்தவர் சங்கத் தலைவர். வாசலில் நின்று மூச்சிரைக்கக் குனிந்து, பழக்கதோஷத்தில் ஷூ முடிச்சை அவிழ்க்கப் போனார்.

"கழட்டாதீங்க சார்" என்றாள் இஸ்திரிக்கடைக்காரி. "இந்த வீட்டுல யாரும் கழட்டக் கூடாது. உள்ள வாங்க."

துடைத்த தரையெல்லாம் சேறாக, அவர் அடுப்படியைத் தாண்டி மலையேறப் போனார்.