ஐந்தாம் பாட்டுக்கு ஒரு கருத்து

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு மதியச் சாப்பாடு பெரும்பாலும் மொட்டை மாடியில், மோட்டார் அறையில்தான். சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவன் கைப்பேசியைத் திறப்பான். திறக்கக் கூடாது என்று காலையில்தான் மனைவியிடம் சத்தியம் செய்திருப்பான். சத்தியமெல்லாம் பசி வருகிற வரைக்கும்தானே.

நண்பர்கள் வட்டாரத்தில் அவனுக்கு 'இடி' என்று பெயர். டிரம்ஸ் வாசிப்பான். மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். கீபோர்டு ஒரு பள்ளிக்கூட டீச்சர். இசைக்குழுவிலும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். மூன்று பேரும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தையெல்லாம் கொட்டி, வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து ஒரு ஆல்பம் செய்திருந்தார்கள். புராக்ரசிவ் ராக் என்பார்கள் இந்த வகையை. ஒரு பாட்டே கால் மணி நேரம் ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், கேட்கிறவரின் முகமும் மாறும். இவர்கள் ஆல்பத்தில் பாதிப் பாட்டுகள் முரட்டுத்தனமானவை, பாதி மென்மையானவை. முரட்டுப் பாட்டுகளில் இடி வியர்த்து விறுவிறுத்து வாசிப்பான். மென்மையான பாட்டுகளில் டிரம்ஸே கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றிய பிறகு வந்து விழுந்த கருத்துகளைத்தான் அவன் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தனித்தனியாகக் கருத்து எழுதலாம். ஜனங்களுக்கு இப்படி ஒரு வசதி செய்து கொடுத்தால் விடுவார்களா?

'ரெண்டாவது பாட்டு கேட்டு நான் அழுதுட்டேன். மூணாவது பாட்டு கேட்டு பக்கத்து வீட்டுக்காரர் அழுதுட்டார்.'

'குழந்தையைத் தூங்க வைக்க இந்த ஆல்பம் போட்டேன். தூங்கிடுச்சு. அடுத்த பாட்டு வந்துச்சு. இப்ப வீட்ல யாருமே தூங்கல.'

'மாடிப்படியில யாரோ பீரோவை உருட்டி விட்ட மாதிரி இருக்கு. அந்த டிரம்ஸ்காரருக்கு வீட்ல என்ன பிரச்சினையோ.'

'பாடுறவர் குரல் அமிர்தம். ஆல்பத்தை ரெண்டா வெட்டி நல்ல பாதியை மட்டும் தரக்கூடாதா?'

கடைசியாகச் சொன்ன கருத்து குழுவில் மற்ற இருவரையும் எரிச்சல்படுத்தவில்லை, யோசிக்க வைத்தது. ஒரு இசைக் கம்பெனி மச்சினனை அழைத்துப் பேசியிருந்தது. அடுத்த ஆல்பத்தை அவர்களே வெளியிடுவார்கள், ஆனால் எல்லாப் பாட்டும் மென்மையாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடி முடிவு சொல்வதாக ஏற்பாடு. டிரம்ஸ் இல்லாத ஆல்பத்தில் டிரம்ஸ்காரனுக்கு என்ன இடம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

ஐந்தாவது பாட்டுதான் ஆல்பத்திலேயே நீளமானது, முரட்டுத்தனமானது. அதற்குக் கீழே மட்டும் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. திட்டக்கூட ஆளில்லை. அவனுக்கு மற்றதையெல்லாம் விட அதுதான் வலித்தது. ஏனென்றால் அந்தப் பாட்டின் முடிவு முழுக்க அவனுடையது. எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடியைக் குறைத்துக்கொண்டே. கடைசியில் ஒற்றை அடி மிஞ்சும். அதற்கடுத்த சுற்றில் அதுவும் வராது. அவன் அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சு அடங்கிய அந்தப் பிற்பகலில், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கணக்கு அது. குழுவில் யாருக்கும் அவன் இதைச் சொன்னதில்லை. சொன்னால் இரக்கத்துக்காகத் தலையாட்டுவார்கள் என்று ஒரு வீம்பு.

வியாழக்கிழமை ஐந்தாவது பாட்டுக்குக் கீழே ஒரு கருத்து முளைத்திருந்தது. எழுதியவர் பெயர் 'வழிப்போக்கர்'.

'எல்லாரும் மென்மையான பாட்டையே பேசுறீங்க. இந்தப் பாட்டோட முடிவைக் கேளுங்க. ஒவ்வொரு அடியா குறைஞ்சு குறைஞ்சு, ஒரு மனுஷன் மூச்சு அடங்குற மாதிரி இருக்கு. கடைசி அடி வராது. அதை நாமதான் மனசுக்குள்ள அடிச்சுக்கணும். டிரம்ஸ் வாசிச்சவர் சத்தம் போடல, அழுதிருக்கார்.'

சோற்றுக் கையோடு அவன் எழுந்து நின்றுவிட்டான். ஊர் பேர் தெரியாத ஒருவர், அவன் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்தது போல எழுதியிருக்கிறார். அன்று மூன்று லிஃப்ட்டுகளைச் சரி செய்தான். மூன்றிலும் மேலும் கீழும் போகிறபோது அந்த வரிகளைத்தான் முணுமுணுத்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் படித்துக் காட்டினான். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சரி செய்துவிட்டுக் களைத்து வந்திருந்தாள். "பாத்தீங்களா, புரிஞ்சவங்களும் இருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அவனுக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. மனுஷன் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தான், பாவம்.

ஞாயிறு மதியம் டீச்சர் வீட்டுக் கார் ஷெட்டில் கூடினார்கள். அங்கேதான் ஒத்திகை வழக்கம். மச்சினன் தயங்கித் தயங்கிப் பேச்சை ஆரம்பித்தான்.

"அத்தான், ஜனங்க என்ன சொல்றாங்கன்னு நீங்களும் பாத்திருப்பீங்க."

"பாத்தேன். நீங்க இதைப் பாத்தீங்களா?" இடி கைப்பேசியை எடுத்து வழிப்போக்கரின் கருத்தைச் சத்தமாகப் படித்தான். கிட்டத்தட்ட மனப்பாடம்தான், இருந்தாலும் பார்த்துப் படித்தால்தான் சாட்சி மாதிரி இருக்கும் என்று நினைத்தான். "கேக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர் போதும். முரட்டுப் பாட்டும் இருக்கட்டும். ரெண்டும் இருந்தாத்தான் நாம."

மச்சினன் கிட்டார் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. டீச்சர்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த முடிவு ஆல்பத்துல இல்லையே."

"எந்த முடிவு?"

"நீங்க தனியா வாசிப்பீங்கள்ல, அது. இழுவையா இருக்குன்னு மிக்சிங்ல எடுத்துட்டோம். எல்லாரும் நிறுத்துற இடத்துலயே பாட்டு முடிஞ்சிடும்."

இடிக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. வகுப்பில் கேள்வி புரியாத பையனைப் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லணும்னுதான் இருந்தோம் அத்தான்" என்றான் மச்சினன். "ஆல்பம் வந்ததும் நீங்களே கேட்டுட்டு சண்டைக்கு வருவீங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தோம். நீங்க வரல. சரி, மனசு ஆறிடுச்சுபோலன்னு விட்டுட்டோம்."

அவன் கேட்கவே இல்லை என்பதுதான் விஷயம். வாசித்தவனுக்கு எதற்குக் கேட்க வேண்டும் என்று ஓர் இறுமாப்பு. வெளிவந்த நாளிலிருந்து ஊரார் கருத்தை ஒரு வரி விடாமல் படித்தவன், ஆல்பத்தை ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கவில்லை. வாசித்துப் பதிவு செய்த அன்றைக்கே ஒரு நகல் வாங்கி வந்திருந்தான். வீட்டில் ஓடுவதெல்லாம் வெட்டுப்படாத அந்த நகல்தான்.

"அப்ப இவர் எப்படிக் கேட்டாரு?" என்று கைப்பேசியைக் காட்டினான்.

மச்சினன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பழைய காப்பி உங்க வீட்ல மட்டும்தானே இருக்கு" என்றான், மிக மெதுவாக. கேலி இல்லை அவன் குரலில். இருந்திருந்தால் இடி தாங்கியிருப்பான்.

பிறகு டீச்சர் சமாதானம் சொன்னாள். அடுத்த ஆல்பத்திலும் அவனுக்கு வேலை உண்டாம். அங்கங்கே கிலுகிலுப்பை மாதிரி ஏதாவது லேசாக ஆட்டலாமாம். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவன் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். தன் டிரம்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட்டிருப்பான்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தான். கோபம், அவமானம், எல்லாம் ஒரு சுற்று வந்து போயின. வீட்டுத் தெருவில் திரும்பியபோது ஒரே ஒரு எண்ணம்தான் மிஞ்சியிருந்தது, அதை இறுகப் பிடித்துக்கொண்டான். ஊரில் ஒருவருக்கும் கேட்கவில்லை, வெட்டி எறிந்துவிட்டார்கள், போகட்டும். ஆனால் அவன் வீட்டுக்குள்ளேயே இருந்து ஒருத்தி கேட்டிருக்கிறாள். அழுதிருக்கிறான் என்று கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். ஒரு மனுஷனுக்கு ஒரு ஜோடிக் காது போதாதா?

மனைவி துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"வழிப்போக்கர் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "வேற என்ன செய்யட்டும்? நீங்க சாப்பிடாம கொள்ளாம அதையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"கோபம் இல்லம்மா. சந்தோஷம்தான்." அவன் அவள் எதிரே வந்து நின்றான். "அவங்களுக்குக் கேக்கல. உனக்குக் கேட்டுச்சே. அது போதும் எனக்கு."

அவள் சட்டைக் காலரை நீவி விட்டுக்கொண்டே நின்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். எழுத்தில் ஒருமுறை சொன்னதே அவளை மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "அது நான் கேட்டு எழுதினது இல்ல. மாமா போன புதுசுல நீங்க தினமும் புலம்புவீங்களே, ஒவ்வொரு அடியா குறையும், கடைசி அடியை நாமதான் மனசுக்குள்ள அடிச்சுக்கணும்னு. அதை அப்படியே எழுதினேன். நீங்க சொன்னதுதாங்க எல்லாம்."

"சரி. ஆனா பாட்டு ஓடும்போது உனக்கு என்ன தோணும்?"

"விடுங்களேன்."

"சொல்லு."

"சத்தமா இருக்கும்" என்றாள். "எப்படா முடியும்னு இருக்கும்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைக் கையின் பொத்தானை அவிழ்த்தான், மறுபடி போட்டான். அவள் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"ஆல்பத்துல உனக்குப் பிடிச்சது எதுவுமே இல்லையா?" என்று கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"தம்பி கடைசியா ஒண்ணு பாடியிருக்கானே," என்றாள் அவள், கொஞ்சம் நிம்மதியோடு. "கடையில வேலை பாக்கும்போதுகூட அதை முணுமுணுத்துக்கிட்டே இருப்பேன்."

"ஆமா, நல்ல பாட்டு" என்றான் இடி. உண்மையாகவே அது நல்ல பாட்டு. அதில் அவனுக்கு வேலையே இல்லை.