காய் நறுக்கிய கை

தன் அப்பாவின் சவரக்கத்தி இல்லாமல் முகத்தில் கைவைக்க விடமாட்டேன் என்று புருஷன் சொன்னபோதே அவளுக்குத் தெரியும், அது சாக்கு என்று. பக்கவாதம் வந்து ஏழு மாதம். பழைய எந்திரத்துக்கு அவர் இனி ஆகமாட்டார். தொழிற்சாலை கேட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைக் குறித்துக்கொள்ளட்டும், திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இந்தத் தாடியோடு எப்படிப் போவது என்றார். சலூனுக்குக் கூப்பிட்டால், நாலு பேர் பார்ப்பார்களாம். பிளேடு வாங்கி வந்தால், தோலைக் கிழிக்குமாம். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று வாய்வரை வந்துவிட்டது அவளுக்கு. காலை இழுத்து நடக்கிற மனுஷனிடம் அதைச் சொல்லலாமா? விழுங்கிக்கொண்டாள்.

மாமனாரின் மடக்குக்கத்தி டிரங்குப் பெட்டியின் அடியில் துருவேறிக் கிடந்தது. ஆறு நாளும் கேன்டீனில் மூட்டை மூட்டையாகக் காய் நறுக்குகிற கைக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு; அதுவும் போயிற்று. மண்ணெண்ணெயில் ஊறவைத்து உப்புத்தாளால் தேய்த்தாள். செம்மண் குழம்பாகத் துரு இறங்கியது. பிறகு சாணைக்கல்லை நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தீட்டினாள். தோள்பட்டை கழன்று மடியில் விழுந்துவிடும் போலிருந்தது. முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தால், ஒரு மயிர்கூட அறவில்லை.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எப்போது திரும்பினாரோ.

"முட்டைக்கோஸா நறுக்கப் போறே?" என்றார் குழறலாக.

கேன்டீன் கத்தியைத் தீட்டுகிற பழக்கத்தில் அவள் இதன் முதுகுப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தே தேய்த்திருக்கிறாள். சவரக்கத்திக்கு முதுகும் கூரும் சேர்ந்து கல்லில் படியவேண்டும், படுக்கப்போட்டுத் தள்ளவேண்டும், அழுத்தவே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் திங்கட்கிழமை தானாகக் கழிந்திருக்கும். ஆனால் இருபது வருஷம் எந்திரம் பார்த்த கண்ணாயிற்றே, தப்பு வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா?

மறுபடி முதலிலிருந்து. கண் சொருகச் சொருகத் தள்ளினாள். கடைசியில் மெருகேற்றுவதற்காக அவருடைய தோல் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பிடித்தாள்.

"முதுகு முன்னால போகணும். பெல்ட்ட அறுத்துடாதே, நாளைக்கு நான் எதைக் கட்டிக்கிட்டுப் போறது?"

அவள் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்வாரோ என்று பயம். முப்பது தடவை இழுத்தாள். இந்தத் தரம் முன்கையில் வைத்ததும் மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது.

நாற்காலியில் உட்காரவைத்து, வெந்நீர்த் துணியால் ஒற்றி, சோப்பு நுரையைப் பூசினாள். பேசப்பேச நுரை அவர் உதட்டில் ஒட்டியது.

"பயமா இருக்குதுடி."

"கத்தியப் பாத்தா?"

"இல்ல. கேட்ல உக்கார."

அவள் கத்தியை விரித்துத் துணியில் ஒரு தரம் துடைத்தாள்.

"வாயை அசைக்காதீங்க, அறுத்துடும்" என்றாள். கட்டைவிரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்து, காதோரத்தில் ஆரம்பித்தாள்.