மேட்ச்சோட வுட்டுர்றேன்

1

இந்தக் கதை பஸ்ஸில் பிறந்தது. போன மாசம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வந்துகொண்டிருந்தேன். முன்சீட்டுக்காரர் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டவைத்து ஏதோ மேட்ச் கேட்டுக்கொண்டு வந்தார். எவனோ ஒருவன் கேட்ச்சைத் தவறவிட்டான் போலிருக்கிறது. அவர் எங்கள் பக்கம் திரும்பி, “காசு வாங்கிட்டு வுட்டுட்டான் சார். இவனுவோ எல்லாம் இப்பிடித்தான்” என்றார். பஸ்ஸில் ஒருத்தரும் மறுக்கவில்லை. கண்டக்டர்கூடத் தலையாட்டினார்.

என்னால் மட்டும் தலையாட்ட முடியவில்லை. ஏன் என்று இப்போதே சொல்ல தைரியம் இல்லை. மூன்றாம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

‘1984 மாசி மாதத்து மாலை வானம் செம்மண் நிறத்தில் —’

அடித்துவிட்டேன். வானத்தில் கதையை ஆரம்பிக்கிறவனை நம்பாதீர்கள், அவன் தரையில் எதையோ ஒளிக்கிறான்.

இரண்டாவது தடவை, ஒழுங்காக விஷயத்தைச் சொல்லி ஆரம்பித்தேன்:

‘அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் கம்பெனி ஒன்று,* உலகக்கோப்பை ஜுரத்தில் ஒரு கிரிக்கெட் டீம் ஆரம்பித்தது. ஆட்டத்துக்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் எடுத்தார்கள். அப்படி வந்தவன் குன்னத்து உத்திராபதி. அவன் அப்பனும் தாத்தனும் அடுத்தவர் காட்டில் வெங்காயம் களை எடுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் மாசச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். ஆனால் வேலை தற்காலிகம். பைனல் முடிந்ததும் நிரந்தரம் செய்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். பைனல் பெரம்பலூரில், பெரம்பலூர் டீமோடு. அவர்களுடைய கடைசி ஜோடி ஆடுகிறது, மூன்று பந்தில் ஐந்து ரன் வேண்டும். பெரம்பலூர்க்காரன் சின்னதுரை பந்தை உயரத் தூக்கினான். பந்து நேராக பவுண்டரி ஓரம் லாங் ஆனில் நின்ற உத்திராபதியின் கையில் வந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்து போய்விட்டது. இரண்டு ரன். அடுத்த பந்து நாலு. கோப்பை பெரம்பலூருக்கு.’

இதை அடிக்கவில்லை. இதில் பொய் இல்லை.

அன்று சாயங்காலமே ஊர் வாய் திறந்துகொண்டது. லாரி ஓனர்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள் என்றார்கள். ஒருத்தர் லாரியையே வைத்துத் தோற்றார் என்றார்கள். (அந்த லாரி மறுநாள் காலை வழக்கம்போலக் கல் ஏற்றிக்கொண்டு என் முன்னால் போனது. அதனால் என்ன, வதந்திக்கு டயரா முக்கியம்.) இதெல்லாம் நாலு நாளில் அடங்கியிருக்கும். ஒரு சாட்சி கிளம்பியதால்தான் விசாரணை வரை போயிற்று.

*கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். இல்லாத கம்பெனிக்குப் பெயர் எதற்கு.

3

அந்த சாட்சிக்கு முதல் பிரதியில் ராசாங்கம் என்று பெயர் வைத்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையும் வைத்துக் கொடுத்தேன்:

‘பைனலுக்கு முந்தின நாள் ராசாங்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். உத்திராபதியும், எப்போதும் பெரம்பலூர் டீமோடு திரியும் ஒரு பெரியவரும் கடையோரம் நின்றார்கள். பெரியவர் முகம் வாடியிருந்தது. உத்திராபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கவலப்படாதீங்க மாமா. நாளைக்கு மேட்ச்சோட வுட்டுர்றேன்” என்றான். ராசாங்கத்துக்குக் கை —’

போதும். ராசாங்கம் என்று எவனும் இல்லை. டீக்கடையில் டீ குடித்துக்கொண்டு நின்றவன் நான். கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா, டீமுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். கேட்டது என் காது. மறுநாள் தோற்ற பிறகு விளையாட்டுச் செயலாளர் கொளஞ்சியப்பனிடம் போய்ச் சொன்னது என் வாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோரு பேர் வெள்ளை உடுப்பில் நிற்க, அரை வருஷமாகப் பென்சிலும் கையுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அன்றைக்கு என்னைச் சுற்றி நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொளஞ்சியப்பன், “சார், அத இன்னொரு தரம் சொல்லுங்க” என்றார். இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாம் தரமும் சொன்னேன். அப்போது குரலைக்கூடக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன்.

4

விசாரணை கேண்டீனுக்குப் பின்னால் இருந்த அறையில் நடந்தது. கொளஞ்சியப்பன், இரண்டு அதிகாரிகள், நான், உத்திராபதி.

“வுட்டுர்றேன்னு சொன்னியா இல்லியா?”

இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு சாட்சி கிடையாது. அவன் மறுத்திருந்தால் பொய்ச் சாட்சி என்று என் சீட்டுத்தான் கிழிந்திருக்கும். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை.

“சொன்னேன் சார். அவரு கேட்டது நெசந்தான்.”

“எத வுட்டுர்றேன்ன?”

அதற்கு மட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை கேட்டார்கள். மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். அவன் தங்கச்சி மலர்க்கொடி. விசாரணைச் சேதி குன்னத்துக்கு எட்டியதும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

[இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பிரதி எழுதினேன். அவள் அழவில்லை. அந்தத் தாளைக் கிழித்தாயிற்று.]

“வுட்டுர்றேன்னு எங்கண்ணன் சொன்னது என்னயத்தாங்க” என்றாள். “நாலு மாசமா நான் பொறந்த வூட்ல கெடக்கறேன். எங்க மாமனாருதான் அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல வந்து கேட்டாரு. மேட்ச்சு முடிஞ்ச கையோட கூட்டியாந்து வுட்டுர்றேன்னு அண்ணன் சொல்லியிருக்கு. அதுக்குள்ள இந்தப் பேச்சு கெளம்பிட்டதால வுட முடியல. வூட்டு வெவகாரம் வெளிய தெரியக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு நிக்கிது.”

கூட்டிக்கொண்டுபோய் விடுவதற்கும் அந்தச் சொல்தான். கேட்ச்சை விடுவதற்கும் அதேதான். தண்ணி விடுவது, ஆட்டை விடுவது, உயிரை விடுவது எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே ‘வுடு’தான். முப்பது வருஷம் இந்தப் பாஷையிலேயே சோறு தின்ற எனக்கு அன்றைக்கு ஒரு பொருள்தான் தோன்றியது, பாருங்கள்.

“ஏம்மா நாலு மாசமா வந்துட்ட?” என்று ஓர் அதிகாரி கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

“அறுப்பு நேரத்துல வூட்டுக்காரரு மட்டையத் தூக்கிக்கிட்டு கெளம்பிட்டாரு. திரும்பி வந்து அசந்து தூங்கறப்ப, மட்டைய ரெண்டாப் பொளந்து அடுப்புல வெச்சி சோறாக்கிட்டேன். போடி உங்க வூட்டுக்குன்னுட்டாரு.”

கொளஞ்சியப்பனே சிரித்துவிட்டார். அறை முழுக்க இளகியது. நான் மூச்சு விட்டேன். ஒரு மனுஷனைக் கெடுத்த பாவத்திலிருந்து அந்தப் பெண் என்னைத் தூக்கி வெளியே போட்டாள் என்று நினைத்தேன். அவள் இருந்த திசைக்கே கும்பிடலாம் போலிருந்தது.

சிரிப்பு அடங்காமலே கொளஞ்சியப்பன் கேட்டார்: “எந்த ஊரும்மா வாக்கப்பட்டது?”

“அரும்பாவூருங்க. சின்னதுரை வூட்ல.”

கொளஞ்சியப்பனின் சிரிப்பு நின்றது. பந்தை உயரத் தூக்கிய அதே சின்னதுரை. மேட்ச் முடிந்ததும் தங்கச்சியைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய மச்சானுடைய பந்துதான் உத்திராபதியின் கைக்கு வந்திருக்கிறது. காசு வாங்கினான் என்ற பழியை அழித்த வாக்கியமே இன்னொரு பழியை எழுதிவிட்டது. அவன் வாயைத் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணமா? எனக்குத் தெரியாது.

மலர்க்கொடிக்கு அது உடனே புரிந்துவிட்டது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: “இனிமே யாரும் என்னயக் கொண்டு போயி வுட வேணாம். பஸ்ஸு இருக்கு. நானே போயிக்கறேன்.”

போய்விட்டாள். அரியலூரிலிருந்து பெரம்பலூர், அங்கே இறங்கி அரும்பாவூர் பஸ்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) கொளஞ்சியப்பன் நிரந்தர உத்தரவை நீட்டுகிறார். உத்திராபதி கண் கலங்குகிறான். (இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். “யாரை ஏமாத்தறீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.)

ஆ) உத்திராபதி என் சட்டையைப் பிடித்து ரெண்டு வைக்கிறான். (இது எனக்குப் பிடித்த முடிவு. வாங்கியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.)

இ) பல வருஷம் கழித்து ஓர் ஆஸ்பத்திரியில் —

வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த மாசம் நோட்டீஸ் போர்டில் நிரந்தரமானவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். அதில் உத்திராபதி இல்லை. குற்றம் என்று யாரும் சொல்லவில்லை, காரணம் என்றும் சொல்லவில்லை. அவன் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். இப்போது குன்னத்தில் வாடகை டிராக்டர் ஓட்டுகிறான்.

6

அடுத்த வருஷம் ஆவணியில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் அவன் நின்றான். கையில் வெற்றிலைபாக்குத் தட்டு. அடிக்கத்தான் வந்திருக்கிறான், தட்டு எதற்கு என்று ஒரு கணம் குழம்பினேன்.

“மலரு புள்ளைக்கு காது குத்து சார். மாமன் நாந்தானே, நேர்ல வெக்கணும்னு வந்தேன். நீங்க அவசியம் வரணும்.”

“நானா? உத்திராபதி, நான் உனக்குப் பண்ணினதுக்கு —”

“நீங்க மட்டும் அன்னிக்கி அத சொல்லலன்னு வெச்சிக்கங்க. நான் கூட்டிக்கிட்டு போயி வுட்டிருப்பேன். எங்கண்ணன் கெஞ்சி வுட்டுட்டு போனான்னு அவ தலயக் குனிஞ்சிக்கிட்டே இருந்திருப்பா. இப்ப அவளாப் போனா. அந்த வூட்ல இன்னிக்கி அவ பேச்சுதான் சார். ரொம்ப நன்றிங்க.”

கும்பிட்டான். என்னைப் பார்த்து. நான் தட்டை வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்ய முடியும்? அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே போய் அழுதேன். இதில் அலங்காரம் எதுவும் இல்லை, அழுதேன்.

காதுகுத்துக்குப் போனேன். அரும்பாவூரில் கோயில் மரத்தடி. தாய்மாமன் மடியில் குழந்தை. [குழந்தையை அவன் கை தவறவிடவில்லை — இப்படி ஒரு வரி எழுதியிருந்தேன். மலிவு. அடித்துவிட்டேன்.] குழந்தை ஊரே கேட்க அலறியது. சின்னதுரை புது மட்டை வாங்கியிருக்கிறானாம். “இப்ப அடுப்புல வெக்கிறதில்லீங்க. நெல்லு காயறப்ப அத வெச்சித்தான் காக்கா ஓட்டறேன்” என்று மலர்க்கொடி எனக்குப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். என் இலையில் மற்றவர்களைவிட இரண்டு துண்டு கறி அதிகம் விழுந்தது. அந்தச் சோறு இறங்கின மாதிரி எனக்கு வேறெந்தச் சோறும் இறங்கியதில்லை. இவ்வளவு பெரிய மனசுக்காரர்களைப் பார்க்க வைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பிட்டு முடியும்போது உத்திராபதி எதிரே வந்து உட்கார்ந்தான். அந்தக் கேள்வி என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“என்ன சார், ஏதாச்சும் கேக்கணுமா?”

“கொழம்பு இன்னும் கொஞ்சம்” என்றேன்.

அவனே எழுந்துபோய் வாளியைக் கொண்டுவந்து ஊற்றினான்.

அவ்வளவுதான். கேட்ச் தவறியதா, தவறவிட்டானா என்பதை நான் எழுதப்போவதில்லை. அது தெரிந்தே ஆக வேண்டும் என்றால், குன்னத்தில் இறங்கி டிராக்டர் உத்திராபதி என்று கேளுங்கள், வீட்டைக் காட்டுவார்கள். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் உள்ளதை அப்படியே சொல்லிவிடுவான். அதனால்தான் நான் கேட்கவில்லை.