எந்தக் குரல் என்ற புள்ளையோடது

விருது குடுக்கறோம், வந்து வாங்கிக்குங்கன்னு கோயமுத்தூர்ல இருந்து போன் வந்துச்சு. நான் அவங்ககிட்டக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்க. அன்னைக்குப் பாட்டுப் போடுவீங்களான்னு கேட்டேன். பெரிய பெரிய ஸ்பீக்கர் பொட்டி வெச்சுப் போடுவாங்களாமா. அப்படின்னா வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டேன். ஷீல்டை வாங்கி நான் என்ன பண்றது, எனக்குப் பாட்டுத்தான் வேணும். என்ற புள்ள சண்முகப்பிரியா ஐப்பசியில போயிட்டா. போன் வந்தது தை மாசம்.

பல்லடம் ரோட்டுல அவ வந்த பஸ்ஸு லாரி மேல மோதிருச்சுங்க. அதுக்கு மேல அதைப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க, நான் சொல்ல மாட்டேன். பாட்டைப் பத்தி வேணாக் கேளுங்க, சொல்றேன்.

எங்களுக்குக் காங்கேயம். கொப்பரை காயப்போடற களம் இருக்குது. பொழுது விடிஞ்சா ஆளுகளோட கத்தறதுதான் என்ற பொழப்பு, பாட்டுக்கும் எனக்கும் நெம்ப தூரம். பிரியா கோயமுத்தூர்ல ஆஸ்டல்ல தங்கிப் படிச்சா. கூடப் படிச்ச புள்ள ஃபஹீமா, கோட்டைமேட்டுக்காரி. அவளுக்கு ஒரு தங்கச்சி, ரிஃபத்துன்னு. அப்பா ரசாக் பாய் வளையல் கடை வெச்சிருந்தாரு. இந்த மூணும் சேந்துக்கிட்டு ஒரு பாட்டுக் கோஷ்டி ஆரம்பிச்சுதுங்க. கோஷ்டிக்குப் பேரு ரிப்பன்ஸ். ஏண்டி, சடை பின்றதுக்கு வாங்கறதையெல்லாமா பேரா வெப்பாங்க, நாளைக்கு ஊக்கு, கொண்டை ஊசின்னு வேற கோஷ்டி வருமான்னு கேட்டேன். உனக்கு ஒண்ணுந் தெரியாது, சும்மா இரும்மான்னு போட்டா.

எனக்குத் தெரியலீன்னா என்ன, ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு. காலேஜ் விழாவுல மொதப் பரிசு. அப்பறம் கேபிள் டிவியில. அப்பறம் கேசட்டுக் கம்பெனிக்காரர் ஒருத்தரு பாய் ஊட்டுக்கே வந்து பேசிட்டுப் போனாரு. மூணு புள்ளைகளும் தலையில ரிப்பன் கட்டிக்கிட்டுச் சிரிக்கற படம் போட்டு கேசட்டு வந்துச்சு. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக் கேசட்டுக் கடையில அந்தப் படத்தைப் பெருசா ஒட்டியிருந்தாங்க. வெத்தலை வாங்கற சாக்குல அந்தப் பக்கமாப் போவேன். எங்களுக்கு வெத்தலை போடற பழக்கமே கிடையாதுங்க.

அந்தக் கேசட்டு பதியறப்ப ஒரு வில்லங்கம் வந்துச்சு, அதையும் சொல்லீரணும். சரியா அந்த வாரம் வெள்ளகோவில்ல எங்க ஊட்டுக்காரரோட அண்ணன், பிரியாவுக்குப் பெரியப்பா, மாரடைப்புல போயிட்டாரு. பங்காளி ஊட்டு எழவு. கருமாதி முடியற வரைக்கும் எங்க எல்லாருக்கும் தீட்டு. எல்லாரும் அங்கயே கெடந்தோம். ஸ்டுடியோ பிடிச்சாச்சு, வாசிக்கறவங்க மெட்ராஸ்ல இருந்து வந்துட்டாங்க, நான் போயிட்டு ஓடி வந்தர்றேன்னு புள்ள அழுதா. எழவு ஊட்டுல இருந்து எந்திரிச்சுப் பாட்டுப் பாடப் போறதான்னு நான் ஒரேயடியாச் சொல்லிப்போட்டேன். இன்னைக்குக் கேட்டாலும் அதைத்தானுங்க சொல்லுவேன். கருமாதி முடிஞ்சு ஆஸ்டலுக்குப் போனவ, அடுத்த தடவை வந்தப்ப சிரிச்சுட்டே வந்தா. எனக்குன்னு எடம் உட்டு வெச்சிருந்தாங்கம்மா, தனியாப் போயிப் பாடிட்டேன், மிசின்ல சேத்துக்குவாங்களாமான்னா. எனக்கென்ன தெரியும், இருக்கும்னு நெனச்சேன்.

அந்த வருசம் வந்த புதுக் கோஷ்டியில இவங்கதான் ஒசத்தின்னு கேசட்டு வியாபாரிக சங்கத்துல முடிவு பண்ணினாங்களாம். போன்ல பேசுனவரு வெவரமாச் சொன்னாரு. மூணு தொண்டையும் ஒரே தொண்டையாட்டம் பாடியிருக்குதுங்க, எது யாரு குரல்னு பிரிக்க முடியல, அதுக்குத்தானுங்க இந்த விருதேன்னாரு. அந்தப் பிரிக்க முடியாததுதானே என்னையக் கொன்னுட்டிருந்துச்சு. புள்ள போனதுக்கப்பறம் அவ குரலைக் கேக்கோணும்னா எனக்கு அந்தக் கேசட்டை உட்டா வேற கதி இல்ல, கேபிள் டிவிக்காரங்க அவங்க டேப்பை அழிச்சுப்போட்டாங்களாமா. போட்டா மூணும் ஒண்ணா வருது. எது என்ற புள்ளையோடதுன்னு தெரியல.

ஃபஹீமா அடிக்கடி பஸ் ஏறி வந்து எங்கூட உக்காந்திருந்துட்டுப் போவா. அவகிட்டக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அப்பறம், மத்த ரெண்டுக்கும் கீழ கொஞ்சம் கனமாப் போவுது பாருங்கம்மா, அதுதான் பிரியான்னு சொன்னா. அப்ப இருந்து அந்தக் கீழ்க் குரலைப் பிடிச்சுக்கிட்டேனுங்க. அடுப்படியில போட்டு உட்டுட்டு அதோட பேசுவேன். சாப்பிட்டயா கண்ணும்பேன். ஏண்டி இப்படித் தொண்டை கட்டுன மாதிரி பாடறேன்னு வைவேன். எங்க ஊட்டுக்காரரு கேசட்டுச் சத்தம் கேட்டாலே களத்துக்குப் போயிருவாரு. ஃபஹீமா இருக்கறப்பவும் நான் அப்படித்தான் பேசுவேன். அவ எதுத்தாப்புல உக்காந்து, போட்ட சோத்தைத் தின்னுட்டுப் போவா.

விழா ஒரு கல்யாண மண்டபத்துல, பகல்ல. எங்க ஊட்டுக்காரரு வரலைன்னுட்டாரு. ரசாக் பாய் புள்ளைக ரெண்டையும் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து என்னைய அழைச்சுட்டுப் போனாரு. மேடையில மேசை மேல மூணு ஷீல்டு. பேசுனவங்க அத்தனை பேரும் அந்த ஒரே தொண்டைப் பேச்சையே பேசுனாங்க. மூணாவது ஷீல்டுக்கு என்ற பேரைக் கூப்பிட்டு, மைக்கையும் கையில குடுத்து ரெண்டு வார்த்தை பேசுங்கன்னாங்க. பேசத் தெரியாதுங்க, பாட்டைப் போடுங்கன்னேன்.

போட்டாங்க. அந்தப் பொட்டியில கேட்டப்ப கீழ்க் குரல் தரையில இருந்து வந்து காலை அதிர வெச்சுது. மைக்குலயே சொன்னேன், "அந்தா கேக்குதுங்களா, கீழ போவுதே, அதுதான் என்ற புள்ளைங்க." மண்டபமே கை தட்டுச்சு. ஃபஹீமா அவ ஷீல்டை மேசை மேல வெச்சுப்போட்டு மேடையை உட்டு எறங்கிப் போயிட்டா.

நானும் பின்னாலயே போனேன். சமையக்கட்டுக்கு வெளிய, எலைக்கட்டு அடுக்கியிருந்த எடத்துல நின்னு தேம்பிட்டிருந்தா. வெசனப்படாத கண்ணுன்னு தோளைத் தொட்டேன்.

"அது பிரியா இல்லீங்கம்மா," அப்படின்னா. "அது நான்தான்."

அப்பறந்தான் எல்லாத்தையும் சொன்னா. பிரியா பாடவே இல்லையாமா. ஒரு ஆளு இல்லைன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா கேசட்டே நின்னுபோயிருக்குமாம். அதனால என்ற பங்கையும் நீயே பாடிருன்னு சொன்னதே பிரியாதானாமா. நாங்க எழவு ஊட்டுல ஒறம்பரை சனத்துக்கு நடுவுல உக்காந்திருந்தப்ப, சோப்பு வாங்கிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போயி, வெள்ளகோவில் எஸ்டிடி பூத்துல இருந்து ரசாக் பாய் கடைக்குப் போன் போட்டு, அவ பங்கை மெதுவாப் பாடிக் காட்டியிருக்கறா. மூச்சு எங்க எடுக்கோணும், எங்க இழுக்கோணுங்கறது வரைக்கும். ஃபஹீமா அதை அப்படியே கேட்டு வாங்கி, ஸ்டுடியோக்காரரைக் கெஞ்சிக் கம்பெனிக்குத் தெரியாம ரெண்டாந்தடவை தனியாப் பாடி மிசின்ல சேத்திருக்கறா. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க, தன்னாலதான் புள்ளைக்கு இல்லாமப் போச்சுன்னு மனசு ஒடஞ்சுரும்னு சத்தியம் வாங்கியிருக்கறா.

கையை ஓங்கிட்டேனுங்க. இத்தனை நாளா நான் யாரு கூடடீ பேசிட்டிருந்தேன்னு கத்தினேன். சமையக்காரங்க எட்டிப் பாத்தாங்க. அந்தப் புள்ள நகரல, அடிச்சுக்குங்கங்கற மாதிரி மூஞ்சியைக் காட்டிட்டு நின்னா. எனக்குக் கை எறங்கல. அவ மேல வந்த கோவத்தைக் காட்டிலும் என்ற மேல வந்த கோவம்தான் எச்சு. பெத்தவ நானு. அடுத்தவ ஊட்டுப் புள்ள குரலைக் கேட்டுக் கண்ணுன்னு கொஞ்சியிருக்கறேன், எனக்கே தெரியல.

அப்பறந்தான் ஒறச்சுது. கேசட்டுலயும் அவ இல்ல. அவ குரல் இந்த ஒலகத்துல வேற எங்கயும் இல்ல. போன்ல கேட்டு வாங்கின இந்தப் புள்ள தொண்டையில மட்டுந்தான் இருக்குது. அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டேன்.

"பாடு அம்மணி. அவ போன்ல பாடுன மாதிரியே பாடு."

கண்ணைத் தொடச்சுட்டு ஆரம்பிச்சா. ரெண்டு வார்த்தையில நிறுத்திட்டா. மறுக்கா ஆரம்பிச்சா. குரல் கீழ எறங்க மாட்டேங்குதுன்னு எனக்கே தெரிஞ்சுது. இன்னொருக்காப் பாத்துட்டு, கையை உருவிக்கிட்டு மூஞ்சியை மூடிக்கிட்டா.

"வரலீங்கம்மா. அவ போனதுல இருந்தே வரல. வீட்டுலயும் எத்தனையோ தடவை பாடிப் பாத்துட்டேன். அவளோடது எங்கிட்ட இல்லீங்கம்மா."

அங்கயே படிக்கட்டுல உக்காந்து வாய் உட்டு அழுதேனுங்க. புள்ளையை எடுத்துட்டுப் போனப்பக் கூட அப்படி அழல. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் வெளங்கல, வெறிச்சுப் பாத்துட்டு நின்னுட்டேன். இப்ப எல்லாம் வெளங்கித்தான் அழுதேன். ஃபஹீமா என்ற பக்கத்துல உக்காந்தா. உள்ள வேற யாருக்கோ விருது குடுத்துக் கை தட்டிட்டிருந்தாங்க.

அழுது ஓஞ்சதுக்கப்பறம் அந்தப் புள்ளையைத் திரும்பிப் பாத்தேன். வத்திப்போயி எலும்பா இருந்தா. ஐப்பசியில இருந்து என்ற முன்னால உக்காந்து, அவ குரலை நான் இன்னொருத்தி பேரு சொல்லிக் கொஞ்சறதைக் கேட்டுக் கேட்டுத்தான் இப்படி ஆயிருக்கறா. அவளும் ஒருத்தி பெத்த புள்ளதானுங்களே. முந்தானையில மூஞ்சியைத் தொடச்சு உட்டேன்.

"செரி உடு கண்ணு. உன்ற குரல்லயே பாடு. நான் கேக்கறேன்."

பாடுனா. முழுசாப் பாடி முடிச்சா. நல்ல குரலுங்க அந்தப் புள்ளைக்கு. நான் கண்ணை மூடிக் கேட்டுட்டே, பிரியா குரல் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். ஞாபகத்துக்கு வரலீங்க.