மீனவர் இல்லாத குடா

“கூலி எண்டு போடுங்க மிஸ்.”

“நானா, உங்கட முதுகுக்குப் பின்னால என்ன தொங்குது?”

“வலை.”

“கதிரைக்குப் பக்கத்தில?”

“எஞ்சின். அது சும்மா கிடக்கு.”

பிரசாந்தினி பேனையை மடியில் போட்டாள். சும்மா கிடந்த எஞ்சினிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டி, சீமெந்துத் தரையில் சின்னச் சின்னத் தீவுகளாய்ப் பரவிக்கொண்டிருந்தது.

பிரதேச செயலகத்தில் அவள் அபிவிருத்தி உத்தியோகத்தர். தொகுதியின் விபரத்திரட்டுக்காக, எத்தனை பேர், என்ன தொழில், எவ்வளவு வருமானம் என்று காலையிலிருந்து வீடு வீடாகக் கேட்டு வருகிறாள். புளியடிக்குடாவில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். கடல் வாசலில் கிடக்கிறது, தோணிகள் வரிசையாய் ஆடுகின்றன, ஊரே மீன் மணக்கிறது. ஆனால் மீன்பிடிக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை.

போன முறையும் இப்படித்தான். மீனவர் இல்லாத கரைக்கு இறங்குதுறை எதற்கு என்று மேலிடம் கேட்டது. துறை அடுத்த குடாவுக்குப் போனது. இம்முறை இன்னொன்று கட்ட இருக்கிறார்கள். எந்தக் கரைக்கு என்பதை இந்தத் திரட்டைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இன்று பின்னேரம் அவள் அதை ஒப்படைக்க வேண்டும்.

“முனீப் நானா, துறை வேணுமெண்டு மனுக் கொண்டுவந்தது ஆர்? முதல் கையெழுத்தே உங்கடதானே?”

“அது மனு, மிஸ். மனுவில நாங்க மீனவர்தான்.”

“அப்ப இதில?”

“இதில கூலி.”

சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அந்நேரம் பார்த்து, இடுப்பளவு சேறோடு ஒருவன் மீன் பெட்டியைத் தலையில் சுமந்து முற்றத்துக்கு வந்தான். ஒரு காலில் செருப்பில்லை.

“நானா, அரைவாசி சேத்துக்குள்ள கொட்டுண்டு போச்சு! ஒரு கை புடிங்களேன்.”

முனீப் எழும்பிப் பெட்டியை இறக்கினார். உள்ளே இருந்த சூடைமீன்களும் சேற்று நிறமாயிருந்தன.

“இவர் ஆர்?” என்றாள்.

“தம்பி. சரீப்.”

“இவருக்கு என்ன தொழில்?”

“கூலி.”

“ஆரிட்டக் கூலி?”

“என்னட்ட.”

“நீங்க?”

முனீப் கொஞ்சம் யோசித்தார். “நான் அவனிட்ட.”

சரீப்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரசாந்தினிக்கு வரவில்லை.

“சிரியுங்கோ! ஊர் முழுக்க ஆளுக்காள் கூலி. முதலாளி கடலுக்குள்ள இருக்கிறார் போல! நானா, துறை இருந்திருந்தா இந்த மீன் சேத்துக்குள்ள போகுமா? நீங்க ஒராள் மீன்பிடி எண்டு சொன்னா மற்ற வீடுகளும் சொல்லும். நான் திரும்ப முதல் வீட்டில இருந்து வாறன்.”

முனீப் சேற்று மீனையும் குசினி வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். வாய் திறக்கப் போனவர், றம்ஸியா வெளியே வருவதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவர் மனைவி இவ்வளவு நேரமும் உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையிலிருந்த பிளேன்ரீ கிளாஸைப் பிரசாந்தினியிடம் நீட்டினாள்.

“இவர் சொல்லுவார் மிஸ். நான்தான் விடல்ல. முந்தி ஒருத்தர் கணக்கெடுக்க வந்தநேரம், பக்கத்து வளவு ஸுல்பிகா வீட்டில எஞ்சின் இருக்கெண்டு உள்ளதைச் சொன்னா. அடுத்த மாசமே அவக்கு அரசாங்க நிவாரணக் காசை வெட்டிப்போட்டாங்க. கடல் குழம்புற மாசங்களில எங்கட அடுப்பு எரியிறது அதிலதான்.”

“ராத்தா, அது வேற கணக்கெடுப்பு. இது வேற.”

“வந்து கேட்டவரும் உங்களைப் போல நல்ல பிள்ளைதான். அவரும் வேற எண்டுதான் சொன்னார்.”

பிரசாந்தினிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. யார்மேல் என்று தெரியவில்லை. இந்தத் திரட்டு அலுவலகத்தில் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கிளாஸ் விரலைச் சுட்டது. அதை எங்கே வைப்பதென்று தேடினாள்.

றம்ஸியா எஞ்சினுக்குப் பக்கத்தில், ஈரத் தரையிலேயே குந்தினாள்.

“மீன்பிடி எண்டே எழுதுங்க மிஸ். இவருக்கும், தம்பிக்கும். மற்ற வீடுகளுக்கு நானே உங்களோட வந்து சொல்லுறன். நிவாரணத்தை வெட்டமாட்டாங்க எண்டு நீங்க மட்டும் ஒரு வார்த்தை தாங்க.”